விரதத் தட்டில் வெண்ணெய்

ஒரு தாயின் நோன்பை நான் முறித்தேன். அவருக்குத் தெரியாமல், நான்கு வாரங்களுக்கு மேலாக, வேலை நாள் தவறாமல் முறித்தேன். பிறகு அவர் என் முகத்தைப் பார்த்து நேரே கேட்டபோது, இல்லை என்று பொய் சொன்னேன்.

இதை என் கணவருக்குச் சொன்னதில்லை. கோயிலிலும் சொன்னதில்லை. வேதக்காரருக்கு என்றால் பாவத்தைச் சொல்ல ஒரு கூண்டு இருக்கிறது, அதற்குள் ஒரு சுவாமியார் இருக்கிறார். எங்களுக்கு அர்ச்சனைத் துண்டு மட்டும்தான். பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள். என்ன செய்துவிட்டு வந்து நிற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை! ஆகவே உங்களிடம் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைப் பற்றி எதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் முற்பகுதி. நான் ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடம் கடந்திருந்தது. சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாவது மாடியில், தூரத்து உறவான சுகந்தி அக்காவின் குடும்பத்தோடு ஓர் அறையில் இருந்தேன். கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜில், நான் ஸ்பொன்சர் செய்வேன் என்று காத்திருந்தார். கலியாணமாகி எட்டு மாதம்தான் சேர்ந்து வாழ்ந்திருந்தோம். அந்த நாட்களில் கொழும்பு லொட்ஜில் ஒரு தமிழ் ஆண்பிள்ளை, எந்த இரவு பொலிஸ் வந்து பிடித்துப் போகுமோ என்று படுக்கிற படுக்கையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டன்போர்த் தெருவில் ஒரு கிரேக்கப் பேக்கரியில் எனக்கு வேலை. முதலாளி தனாசி. என்னோடு ஒரே மேசையில் மாப் பிசைந்தவர் ஸ்தமாத்தியா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவனை இழந்தவர், அதனால் எப்போதும் கறுப்புடைதான். வயதில் மூத்த பெண்களை அங்கே 'கிரியா' என்று மரியாதையாக அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். எங்கள் இருவருடைய ஆங்கிலத்தையும் கூட்டினாலும் ஓர் ஆள் பேசக் காணாது. ஆனாலும் நாள் முழுக்கப் பேசினோம். அவர் சொன்னவற்றை என் காதில் விழுந்த மாதிரியே, எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

பேக்கரியில் வேலை செய்தால் ஒரு சனத்தின் முழு வருடமும் கைக்குள்ளால் போகும். வருடப்பிறப்புக்கு ஒரு கேக். அதற்குள் ஒரு நாணயத்தை ஒளித்துவைத்து, வெட்டும்போது முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது மாதாவுக்கு, பிறகு வீட்டுக்கு, பிறகுதான் ஆட்களுக்கு. ஆவணி நடுவில் மாதாவின் பெருநாள். ஐப்பசியில், படையெடுத்து வந்தவனுக்கு முடியாது என்று சொன்னதற்காகவே ஒரு தேசிய நாள்! பங்குனி என்று நாங்கள் சொல்லும் மார்ச் இருபத்தைந்து அவர்களின் விடுதலை நாள். மாதாவுக்குத் தேவதூதன் வந்து செய்தி சொன்ன நாளும் அதுவே. இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பாஸ்கா, கிறிஸ்து உயிர்த்த பெருநாள். அதற்கு முன்னால் ஏழு வாரம் நோன்பு.

அந்த நோன்பில்தான் நான் வழுக்கினேன்.

நோன்பு தொடங்கும் திங்கட்கிழமையைச் 'சுத்தத் திங்கள்' என்பார்கள். அன்றைக்கு எள்ளுத் தூவிய தட்டை ரொட்டி நூற்றுக்கணக்கில் போறணை அடுப்பிலிருந்து இறங்கும். குளிரையும் பாராமல் பூங்காவில் பட்டம் விடுவார்கள். அன்று காலையில் தனாசி என்னைக் கூப்பிட்டு, இனிப் பாஸ்கா வரைக்கும் இரண்டு தட்டு என்றார். ஒன்று சாதாரணத் தட்டு, மற்றது விரதத் தட்டு. விரதத் தட்டில் முட்டையில்லை, பாலில்லை, வெண்ணெயில்லை. எண்ணெயும் தோடம்பழச் சாறும் மட்டும். அந்தத் தட்டு என்னுடைய பொறுப்பு.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாலில்லாத விரதமா? எங்களிடம் பாலும் பழமும்தானே விரதச் சாப்பாடு! சுவாமிக்கு ஊற்றுவது பால், விளக்குக்கு நெய். இவர்களோ பாலைத் தொடமாட்டார்கள். ஆனால் இறாலும் கணவாயும் சாப்பிடுவார்கள்! அவற்றில் இரத்தமில்லையாம். வெள்ளிக்கிழமை விரதக்காரியான எனக்கு அதைக் கேட்டதும் உள்ளுக்குள் ஒரு மிதப்பு... விரதம் என்றால் என்னவென்று இந்தச் சனத்துக்கு யாராவது சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்று நினைத்தேன். அந்த மிதப்பில்தான் எல்லாம் தொடங்கியது. ஏழ்மையில் அல்ல, அறியாமையிலும் அல்ல. அதை முதலில் எழுதிவிட வேண்டும்.

அன்றைக்குத்தான் ஸ்தமாத்தியா தன் நேர்த்திக்கடனைச் சொன்னார். மகள் எலெனி ஐந்து மாதக் கர்ப்பம். ஏற்கனவே இரண்டு குழந்தைகள் வயிற்றில் தங்கவில்லை. இந்த முறை தாய் மாதாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"பாஸ்கா வரைக்கும் ஒரு துளியும் பிசகாமல் பிடிப்பன் பவானி. பிள்ளையை அவ தரட்டும். நான் என்ரை வாயைக் கட்டுறன்."

எனக்கு அது நன்றாகவே விளங்கியது. நானும் வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்தது கணவருக்காகத்தானே! அந்த ஒரு விடயத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஆள்தான் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வாரமும் என் விரதத் தட்டு படுதோல்வி. எள்ளுப் பூசிய சின்ன பிஸ்கட் வளையங்கள்தான் அதில் முக்கியம். எண்ணெயில் பிசைந்தவை ஆறியதும் கல்லாகின. வாங்கிப் போனவர்கள் திரும்ப வந்து குறை சொன்னார்கள். கடை நிறைய ஆட்கள் நிற்க, தனாசி என்னை ஏசினார். அவரிடம்தான் நான் வேலைக் கடிதம் கேட்டிருந்தேன், ஸ்பொன்சர் பத்திரங்களோடு வைப்பதற்கு. "பாஸ்கா முடியட்டும், பாப்பம்" என்றார். அந்தப் 'பாப்பம்' என் நித்திரையைக் கெடுத்தது.

மூன்றாவது வாரம். காலை ஆறு மணி. மற்றவர்கள் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வெண்ணெய்க் கட்டிகள் அடுக்கியிருந்தன. எண்ணெயில் பாதியைக் குறைத்து வெண்ணெய் போட்டேன். கொஞ்சம் பாலும் விட்டேன். பாலில் என்ன குற்றம்? வெண்ணெயில் என்ன தீட்டு?

அன்று வளையங்கள் வாயில் வைத்ததும் கரைந்தன. மத்தியானத்துக்கிடையில் தட்டு வெறுமை. தனாசி ஒன்றைக் கடித்துப் பார்த்து, என்ன செய்தாய் என்று கேட்டார். கூட நேரம் பிசைந்தேன் என்றேன். என் தோளில் தட்டினார். மறுநாள் இரண்டு தட்டு, அடுத்த வாரம் நான்கு!

ஸ்தமாத்தியா காலைத் தேநீருக்கு இரண்டு வளையம், பின்னேரம் ஒன்று. நாள் முழுக்க அவருடைய வயிற்றுக்குப் போனது பெரும்பாலும் அதுதான். நோன்பில் மெலிந்துபோயிருந்தார். நான் தட்டை அவர் பக்கம் தள்ளிவிடுவேன். "சாப்பிடுங்கோ கிரியா, விரதத் தட்டுத்தான்" என்பேன். ஆம்... அந்தச் சொற்களை என் வாயாலேயே சொன்னேன், ஒருநாள் அல்ல, எத்தனையோ நாள்! பாவம், உடம்புக்குக் கொஞ்சம் சத்துப் போகட்டும் என்றும் நினைத்தேன். எனக்குள் அன்பும் இருந்தது. அதையும் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை வெறுமனே ஒரு கள்ளி என்று எண்ணிவிடுவீர்கள். அது எனக்குச் சுலபமாகிவிடும்.

பங்குனி இருபத்தைந்து வந்தது. தெரு முழுக்க நீலமும் வெள்ளையுமாகக் கொடிகள். அடுத்த ஞாயிறு ஊர்வலம். பிள்ளைகள் மடிப்புப் பாவாடை மாதிரி உடை உடுத்து, வாத்தியத்தோடு நடப்பார்கள். நோன்புக்குள்ளே மீன் சாப்பிட அவர்களுடைய கோயில் விடுகிற நாள் அது. மத்தியானம் தனாசி உப்பிட்ட மீனைப் பொரித்து, உள்ளிக் கூழோடு எல்லோருக்கும் கொடுத்தார். ஸ்தமாத்தியா தயங்கினார். எலெனியும் அன்று வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்திருந்தாள். "அம்மா, இண்டைக்கு எல்லாரும் சாப்பிடுறதுதானே" என்று தன் கையாலேயே ஒரு துண்டை ஊட்டினாள். தாய் சிரித்துக்கொண்டு வாங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததைக் கேளுங்கள். பாஸ்காவுக்கான பின்னல் ரொட்டிக்கு ஸ்தமாத்தியா பாலும் முட்டையும் விட்டு அடித்துக்கொண்டிருந்தார். கலவை தெறித்து ஒரு துளி அவர் உதட்டில் பட்டது. ஒரு துளி! கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். கொப்புளித்தார், துப்பினார், திரும்பவும் கொப்புளித்தார். சிலுவை போட்டார். கண் நிறைந்துபோயிற்று.

"உள்ளுக்கை போகேல்லை பவானி. நீ பாத்தனிதானே? உள்ளுக்கை போகேல்லை!"

"இல்லை கிரியா. நான் பாத்தனான். போகேல்லை."

அந்த நேரத்தில் அவருடைய மேலங்கிப் பையில் என் வளையம் ஒன்று, பாதி கடித்தபடி, கடதாசியில் சுற்றியிருந்தது. அதை அவரே சற்று முன் வைத்ததைக் கண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு முழுமையாக உறைத்தது. என்னுடைய விரதத்தில் பால் சுத்தமோ அசுத்தமோ, யாருக்கு என்ன? அவர் வாக்குக் கொடுத்தது அவருடைய மாதாவுக்கு, அவர்களுடைய முறையில். நான் யார் நடுவில் கை வைக்க?

நான் உடனே நிறுத்தியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்?

இல்லை. மறுநாள் காலையிலும் வெண்ணெய் போட்டேன். திடீரென்று வளையம் கல்லானால் ஏனென்று கேட்பார்களே! ஆறு தட்டுக்கு ஓடர் இருந்தது. கடிதம் இன்னும் கையில் வரவில்லை. அன்றிரவு சுகந்தி அக்காவிடம் பாதியைச் சொன்னேன். அவர் கறி தாளித்துக்கொண்டே சொன்னார்:

"பாலோ? பாலிலை என்னடி கிடக்கு, நீ என்ன மாட்டிறைச்சியே போட்டனி? வாயை மூடிக்கொண்டிரு. உந்த வேலை போச்சுதெண்டால் உன்ரை மனுசன் வந்து சேர்ந்த மாதிரித்தான்."

எனக்கு வேண்டியிருந்த பதில் அது. வாங்கிக்கொண்டு படுத்துவிட்டேன். ஸ்தமாத்தியாவிடம் மட்டும், வளையம் வேண்டாம், ரொட்டி சாப்பிடுங்கள் என்று இரண்டொரு தரம் சொல்லிப் பார்த்தேன். ஏன், உன் கையால் செய்ததை நான் விடுவேனா என்று அவர் எடுத்துக்கொண்டார். அதற்குமேல் நான் தடுக்கவில்லை.

பெரிய கிழமை, பாஸ்காவுக்கு முந்திய வாரம். புதன்கிழமை மத்தியானம் கடைக்குத் தொலைபேசி வந்தது. எலெனிக்கு வலி கண்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏழாம் மாதம்கூட நிறையவில்லை. ஸ்தமாத்தியா மேலங்கியை மாட்டிக்கொண்டு ஓடினார். அன்றைக்கே பிள்ளை பிறந்தது. மூச்சு விடவில்லை.

வெண்ணெய் ஒரு குழந்தையைக் கொல்லாது. எனக்குத் தெரியும்! வைத்தியர்கள் ஏதோ காரணம் சொன்னார்கள். தாயின் நோன்புக்கும் மகளின் கருப்பைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை ஆயிரம் தரம் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் என் கணவருக்காக நான் கிடந்த பட்டினிக்கும் கொழும்புப் பொலிசுக்கும் மட்டும் சம்பந்தம் இருந்ததா? நான் நம்பினேனே!

மறுநாள் பெரிய வியாழன். அன்றுதான் பாஸ்கா முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போடுவார்கள். நான் பின்னறையில் தனியே முட்டைகளைச் சாயத்தில் அமிழ்த்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு வரை சிவப்பு. கதவு திறந்தது. ஸ்தமாத்தியா. மேலங்கியைக் கழற்றவுமில்லை.

"பவானி, நான் வேலைக்கு வரேல்லை. ஒண்டு கேக்க வந்தனான்."

முட்டை என் கையிலிருந்து நழுவிச் சாயத்துக்குள் விழுந்தது.

"நான் எங்கையோ பிழை விட்டிட்டன். இரவு முழுக்க யோசிச்சன். வீட்டிலை நான் அவிச்ச பருப்பைத் தவிர ஒண்டும் தொடேல்லை. வெளியிலை சாப்பிட்டது இங்கை மட்டும்தான். நீயும் விரதம் பிடிக்கிறவள். உனக்கு விளங்கும். மறைக்காமல் சொல்லு... அந்த வளையத்துக்குள்ளை பால், பட்டர் ஏதும் கிடந்ததோ? தவறியெண்டாலும்?"

கோபமில்லை, சந்தேகமும் இல்லை. ஓம், கிடந்தது என்று சொன்னால் அவர் நிம்மதி அடைந்திருப்பார்! இப்போது எனக்கு அது விளங்குகிறது. அவர் என்னைத் தண்டிக்கக் கேட்கவில்லை. தன்னைத் தண்டிக்காமல் இருக்க ஒரு காரணம் கேட்டார். முன்கடையில் தனாசியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவரிடம் நான் கேட்ட கடிதம்... கொழும்பு லொட்ஜ்... ஏழு தட்டு...

"இல்லை கிரியா," என்றேன். "எண்ணெயும் தோடம்பழமும்தான். நான்தானே செய்தனான்."

அவர் என் சிவந்த கைகளைப் பிடித்து முத்தமிட்டார்.

"ஓம். நீ செய்யமாட்டாய். அப்ப நான்தான். அந்த மீன். எல்லாருக்கும் விட்ட மீன்தான், ஆனால் வாக்குக் குடுத்தவள் நான். என்ரை வாய் வேணுமெண்டு கேட்டிட்டுது."

அவ்வளவுதான். பழி ஓர் இடம் தேடி அலைந்தது. என்னிடம் வந்தது, நான் கதவைச் சாத்தினேன், அது திரும்பிப் போய் அவரிடமே குடியேறிவிட்டது.

மறுநாள் பெரிய வெள்ளி. பொழுதுபடும் நேரம், பூக்களால் மூடிய கிறிஸ்துவின் பாடையைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார்கள். வாசலில் அதை உயர்த்திப் பிடிக்க, சனமெல்லாம் அதன் கீழால் குனிந்து உள்ளே போகும். ஆசீர்வாதம் அது. நான் தெருவின் மறுபக்கத்தில் நின்றேன். கிழவர் போனார்கள், கைக்குழந்தைகளோடு தாய்மார் போனார்கள். ஸ்தமாத்தியா மட்டும் மதிலோரமாக, கையில் மெழுகுதிரியோடு நின்றார். யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். தலையை ஆட்டிவிட்டார்.

பாஸ்கா முடிந்தது. கடிதம் கிடைத்தது. நல்ல வேலைக்காரி, நம்பிக்கையானவள் என்று எழுதியிருந்தார் தனாசி. ஐப்பசியில் கணவர் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று முழுக்கச் சொல்ல இன்றைக்கும் எனக்குத் துணிவில்லை.

அடுத்த வருடம் விரதத் தட்டில் எண்ணெய் மட்டும்தான். வளையம் கல்லாகவே இருந்தது. ஸ்தமாத்தியா மீனைத் தொடவில்லை. பங்குனி இருபத்தைந்தில் முன்கடைக்கே வரவில்லை, ஊர்வலம் பார்க்கவும் போகவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஒவ்வொரு காலையும் நெஞ்சு அடித்தது. அவரோ நேரத்துக்கு வந்து, மேலங்கியைக் கழற்றி, என் பக்கத்தில் நின்று மாவைப் பிசைந்தார்.

அதற்கடுத்த மாரிக் குளிரில் எலெனிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. உயிரோடு, நல்ல சத்தத்தோடு! பாஸ்கா ஞாயிறன்று ஸ்காபரோவில் அவளுடைய வீட்டுப் பின்வளவுக்கு எங்களையும் அழைத்தார்கள். முழு ஆட்டைக் கம்பியில் கோத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு முட்டைகளை ஒன்றோடொன்று மோதி, உடையாத முட்டைக்காரருக்கு அந்த வருடம் அதிர்ஷ்டம் என்று சிரித்தார்கள். என் முட்டை கடைசிவரை உடையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று இருந்தது.

எலெனி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நாலு மாசம். அம்மா இவளை ஒருக்காலும் தூக்கேல்லை. தன்ரை கை கூடாதாம். நீங்கள் சொன்னால் கேப்பா. ஒருக்காச் சொல்லுங்கோவன்."

நான் ஸ்தமாத்தியாவிடம் போனேன். சொல்லத்தான் போனேன், நம்புங்கள்... வாயைத் திறந்தபோது அவர் முந்திக்கொண்டார்.

"பவானி, இந்த முறை நோன்பை நான் உனக்காகப் பிடிச்சனான். ஏழு கிழமையும். உன்ரை மனுசன் வந்து ஒண்டரை வருசமாச்சு, மடி வெறுமையாக் கிடக்கு. ஒரு பிசகும் விடேல்லை. மாதா தருவா."

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருடம் முடிவதற்குள் நான் கர்ப்பமானேன். மறு வருடம் என் மகள் பிறந்தாள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஸ்தமாத்தியா சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வந்தார், பின்னல் ரொட்டியும் ஒரு சோடி பின்னிய காலுறையும் கொண்டு. கட்டிலுக்குக் கிட்ட வரவில்லை. அறை வாசலில், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி நின்று, என் மகளை எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் ஒளி.

நான் பிள்ளையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். "வாங்கோ கிரியா, தூக்குங்கோ" என்று என் வாய் சொன்னது.

அவர் ஒரு கணம் தடுமாறினார். ஆசை தாங்காமல் கைகள் முன்னே வந்தன. ஓரடி எடுத்து வைத்தார்.

இனிச் சொல்லப்போவதுதான் வெண்ணெயையும் பொய்யையும் விடப் பெரியது. உலகத்தில் அந்தக் கைகளில் ஒரு குற்றமும் இல்லையென்று தெரிந்த ஒரே ஆள் நான். ஒரே ஆள்! அப்படியிருந்தும் அந்தக் கைகள் என் பிள்ளையை நோக்கி வந்தபோது எனக்குள் எழுந்த நினைப்பு இதுதான்: இவர் தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ... நானே சுமத்திய பழியை நானே நம்பினேன்.

பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனேன்.

அவர் அதைக் கண்டார். கைகளைத் திரும்ப முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "ஓம் பிள்ளை, அதுதான் சரி," என்றார்.